பெருநாள் தட்டில் உம்மாவின் பங்கு



ஓர் ஆயத்தையோ ஒரு நபிமொழியையோ எடுத்து விளக்குவதே இப்பகுதியின் வழமை. இம்முறை ஒரு கேக்கை எடுத்துக் கொள்கிறேன். "மௌலவிக்கு என்ன நடந்தது, மாதர் பகுதிக்கு எழுத வேண்டியதை இங்கே எழுதிவிட்டாரே" என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். வாசித்து முடிக்கும்போது இதுவும் மார்க்கத்தோடு சம்பந்தப்பட்ட விடயம்தான் என்பதை, இன்ஷா அல்லாஹ், நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

சென்ற வருட ஹஜ்ஜுப் பெருநாள். தொழுகை முடிந்து, முஸாபஹா செய்து, பிள்ளைகளோடு வீடு வந்து சேர்ந்தேன். அன்று காலையில் வாவியோர ஊர்களின் வீடுகள் எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பாயை விரித்து, பெரிய தட்டில் வட்டிலப்பம், தொதல், மஸ்கட், நானக்கத்தான், நடுவே பளபளவென்று பட்டர் கேக். சுற்றிவர மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும். என் உம்மாவும் வந்து பாயின் ஓரத்தில் அமர்ந்தார். உம்மாவுக்குப் பத்து வருடங்களாக நீரிழிவு. கொலஸ்திரோலும் உண்டு. உம்மா அமர்ந்ததைக் கண்டதும் என் தங்கை தட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். அன்பினால்தான் செய்தாள். ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. உம்மா மட்டும் சற்று நேரத்தில் எழுந்து உள்ளறைக்குப் போய்விட்டார்.

நான் பின்னால் சென்று, "என்னம்மா, கேக் தரல்ல எண்டு கோபமா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். உம்மா சொன்ன பதில் இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

"கேக்குக்கு எனக்கு ஆசையில்ல மகன். என்னக் கண்டவுடன தட்டத் தூக்கிறீங்களே, அதத்தான் தாங்க ஏலாம இரிக்கி."

அன்றிரவு எனக்கு ஒரு நபிமொழி நினைவுக்கு வந்தது. ஸஹாபாக்கள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, நாங்கள் உண்கிறோம், ஆனால் வயிறு நிறைவதில்லை என்று முறையிட்டார்கள். நீங்கள் பிரிந்து பிரிந்து உண்கிறீர்கள் போலும் என்று கேட்ட நபியவர்கள், ஒன்றுகூடி அமர்ந்து அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணுமாறும், அதில் பரக்கத் உண்டாகும் என்றும் வழிகாட்டினார்கள். அபூதாவூத் கிரந்தத்தில் வரும் இந்த ஹதீஸை நான் எத்தனையோ வருடங்கள் மாணவர்களுக்குப் படித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரே சஹனைச் சுற்றி அமரும் நமது சமூகத்தின் அழகிய வழக்கத்துக்கு அதை ஆதாரமாகவும் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் வீட்டுத் தட்டிலிருந்து என் தாயை நாங்களே பிரித்து வைத்திருந்தோம்.

சரி, என்ன செய்வது? கேக்கைக் கொடுத்தால் உடம்புக்குக் கெடுதி. கொடுக்காவிட்டால் மனதுக்குக் கெடுதி. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இல்லையா? இந்தக் கேள்விதான் இக்கட்டுரையின் கரு.

இனிப்பு ஹராமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இனிப்பு உண்பது தக்வாவுக்கு எதிரானதல்ல. நபி (ஸல்) அவர்கள் இனிப்பையும் தேனையும் விரும்பினார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அறிவித்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸபிய்யா (ரழி) அவர்களை மணமுடித்தபோது கொடுக்கப்பட்ட வலீமா விருந்தே ஓர் இனிப்புத்தான். பேரீத்தம்பழம், உலர்ந்த பாற்கட்டி, நெய் ஆகிய மூன்றையும் பிசைந்து செய்யும் 'ஹைஸ்' என்ற உணவு அது.

அதேவேளை, அல்அஃராப் அத்தியாயத்தின் 31ஆவது வசனத்தில் உண்ணவும் பருகவும் அனுமதித்த அல்லாஹ், அந்த இடத்திலேயே எல்லை மீறுவதையும் தடுத்து விட்டான். அனுமதியும் எல்லையும் ஒரே வசனத்தில் இணைந்து வருவதைக் கவனியுங்கள். நம்மில் ஒரு சாரார் முதற்பாதியை மட்டும் ஓதுகிறார்கள். வருத்தம் வந்த பின்னர், இரண்டாம் பாதியை மட்டும் வைத்தியர் ஓதிக் காட்டுகிறார்!

நபியவர்களின் உணவு முறையில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அவர்கள் பேரீத்தங்கனியை வெள்ளரியோடு சேர்த்து உண்டதை அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரழி) பார்த்திருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியிருக்கிறது. கனியை வத்தகப்பழத்தோடு சேர்த்து உண்டு, ஒன்றின் சூட்டை மற்றதன் குளிர்ச்சியால் தணிப்பதாகச் சொன்னதாகவும் அபூதாவூதில் அறிவிப்பு உண்டு. விருப்பமான உணவை அடியோடு ஒதுக்கவுமில்லை. அப்படியே அள்ளி உண்ணவுமில்லை. ஒன்றின் மிகுதியை இன்னொன்றைச் சேர்த்துச் சமன்படுத்தினார்கள். இந்தச் சமன்படுத்தலை நமது கேக்கிலும் செய்ய முடியுமா?

நமது கேக்கில் என்ன இருக்கிறது?

நமது பெண்கள் வாய்ப்பாடாகச் சொல்லும் கணக்கு ஒன்றுண்டு. பட்டர் 250 கிராம், சீனி 250 கிராம், கோதுமை மா 250 கிராம், முட்டை ஐந்து. மூன்றும் சம அளவு. முட்டையும் ஏறக்குறைய அதே நிறை. அப்படியானால் கேக்கில் நாலில் ஒரு பங்கு பட்டர். இன்னொரு நாலில் ஒரு பங்கு சீனி.

இதைக் கலோரியில் பார்ப்போம். 250 கிராம் பட்டரில் சுமார் 1,790 கலோரி. சீனியில் சுமார் 970. மாவில் சுமார் 910. ஐந்து முட்டையில் சுமார் 350. மொத்தம் 4,000 கலோரியைத் தாண்டுகிறது. இருபது துண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்கு 200. பெருநாளன்று நாலு வீட்டுக்குப் போய், வீட்டுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டால் 1,600 கலோரி வந்துவிடும். இது ஒரு வயோதிபருக்கு ஒரு நாள் முழுவதற்கும் தேவையானதற்குக் கிட்டத்தட்டச் சமம். வட்டிலப்பமும் தொதலும் பகல் சாப்பாடும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

பட்டர் விலை கூடிய காலங்களில் பலர் மாஜரினுக்கு மாறினார்கள். அங்கே வேறொரு சிக்கல் இருக்கிறது. திரவ எண்ணெயை ஓரளவுக்கு ஐதரசன் ஏற்றிக் கட்டியாக்கும்போது 'டிரான்ஸ்' கொழுப்பு என்ற ஒருவகைக் கொழுப்பு உண்டாகிறது. அது இரத்தத்தில் கெட்ட கொலஸ்திரோலைக் கூட்டி, நல்ல கொலஸ்திரோலைக் குறைக்கிறது என்பதை 1990ஆம் ஆண்டு ஒல்லாந்து ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். 2003இல் டென்மார்க் அதற்குச் சட்டத்தால் எல்லை வகுத்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம், தொழிற்சாலைகளில் உருவாகும் இக்கொழுப்பை 2023ஆம் ஆண்டுக்குள் உணவிலிருந்து அகற்றுமாறு எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. எல்லா மாஜரினும் ஒன்றல்ல. இப்போது டிரான்ஸ் கொழுப்பு இல்லாமலும் செய்கிறார்கள். பெட்டியிலுள்ள சிறிய எழுத்தை வாசித்துப் பார்த்து வாங்குவது நமது பொறுப்பு.

"அப்படியானால் தேங்காய் எண்ணெய் ஊற்றலாமே" என்று கேட்பீர்கள். ஊற்றலாம். ஆனால் அதிலும் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புத்தான். எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி இருக்கிறது. ஆகவே எண்ணெயின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. அளவைக் குறைக்க வேண்டும். குறைத்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? கனிந்த பழத்தைக் கொண்டு நிரப்பலாம். 100 கிராம் எண்ணெயில் ஏறக்குறைய 900 கலோரி இருக்க, 100 கிராம் வாழைப்பழத்தில் 90 கலோரிதான் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு!

பக்தாதின் ஹைஸ்

பழத்தைக் கொண்டு கொழுப்பைக் குறைப்பது மேல்நாட்டாரின் புது நாகரிகம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர்கள் அப்பிளைக் கூழாக்கிக் கேக்கில் சேர்க்கிறார்கள், உண்மைதான். ஆனால் நமது முன்னோரின் நூலைப் புரட்டிப் பாருங்கள்.

முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்பக்தாதி என்பவர் ஹிஜ்ரி 623இல், அதாவது கி.பி. 1226இல், 'கிதாபுத் தபீக்' என்ற சமையல் நூலை எழுதினார். மங்கோலியர் பக்தாதை அழிப்பதற்கு 32 வருடங்களுக்கு முன்னர் எழுதப்பட்ட நூல் அது. நபியவர்களின் வலீமாவில் பரிமாறப்பட்ட அந்த ஹைஸின் இன்னொரு வடிவத்தை அதில் அவர் சொல்கிறார். உலர்ந்த ரொட்டித்தூள் ஒரு ரத்ல். கொட்டை நீக்கிய பேரீத்தம்பழம் முக்கால் ரத்ல். பொடித்த பாதாமும் பிஸ்தாவும் மூன்று ஊக்கிய்யா. நல்லெண்ணெய் இரண்டு ஊக்கிய்யா. நல்லெண்ணெய்க்குப் பதிலாக வெண்ணெயும் சேர்க்கலாம். எல்லாவற்றையும் நன்கு பிசைந்து உருட்டி, மேலே சிறிது சீனித்தூள் தூவ வேண்டும். பிரயாணிகளுக்கு ஏற்ற உணவு என்றும் குறிப்பிடுகிறார்.

'ரத்ல்' என்ற இந்த அரபுச் சொல்தான் நமது வாயில் 'இறாத்தல்' ஆயிற்று. "ஒரு இறாத்தல் பாண்" என்று கடையில் கேட்கும்போது நாம் பக்தாதின் சொல்லைத்தான் உச்சரிக்கிறோம். இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு ரத்லுக்குப் பன்னிரண்டு ஊக்கிய்யா. ரொட்டி 12, பழம் 9, பருப்பு 3, எண்ணெய் 2, ஆக 26. அதில் எண்ணெய் பதின்மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. நமது பட்டர் கேக்கில் கொழுப்பு நாலில் ஒரு பங்கு என்பதை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அங்கே மாவைப் பிணைப்பதும் ஈரமாக வைப்பதும் இனிப்பூட்டுவதும் பழம்தான்.

நாங்கள் செய்த பிழை

இதை வாசித்துவிட்டு நான் உற்சாகமாக என் மனைவியிடம் சொன்னேன். "பட்டரே வேண்டாம். அத்தனைக்கும் வாழைப்பழம் போடுவோம்." மனைவி ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் மறுக்காமல் செய்தார். கேக் போறணையிலிருந்து செங்கல் போல வெளியே வந்தது. வெட்டினால் உள்ளே பிசின். "வாப்பா, இது கேக்கா, களியா?" என்று சின்னமகன் கேட்டான். மௌலவிமாருக்குப் பத்வா கொடுக்கத் தெரிந்தால் போதாது, அந்தந்தத் துறையை அறிந்தவர்களிடம் கேட்கவும் வேண்டும் என்ற பாடத்தை அன்று படித்தேன்.

பிழை எங்கே என்று விசாரித்துப் பார்த்தோம். கேக்கில் கொழுப்பு மூன்று வேலை செய்கிறது. முதலாவது, மாவின் துகள்களைப் போர்த்தி, மாவிலுள்ள புரதம் நீரோடு சேர்ந்து இழுவையாக மாறாமல் தடுக்கிறது. அதனால்தான் கேக் வாயில் கரைகிறது. இரண்டாவது, பட்டரையும் சீனியையும் வெளுக்கும்வரை அடிக்கும்போது அதற்குள் காற்று பிடிபடுகிறது. அந்தக் காற்றுத்தான் கேக்கை எழுப்புகிறது. மூன்றாவது, மணத்தையும் சுவையையும் சுமந்து, கேக்கைப் பல நாட்களுக்கு மெதுவாக வைத்திருக்கிறது.

பழமசியல் இவற்றில் சிலவற்றை மட்டுமே செய்யும். அதிலுள்ள நாரும் பெக்டின் என்ற பொருளும் நீரைப் பிடித்து வைப்பதால் கேக் காயாது. ஆனால் பழத்தால் பட்டரைப் போலக் காற்றைப் பிடிக்க முடியாது. வாழைப்பழத்தில் நாலில் மூன்று பங்கு நீர். அந்த நீர் மாவோடு சேர்ந்து, அடிக்க அடிக்க இழுவையைக் கூட்டிவிடும். எனவே முழுவதையும் மாற்றினால் எங்களுக்குக் கிடைத்த களிதான் உங்களுக்கும் கிடைக்கும்.

பலமுறை செய்து பார்த்து என் மனைவி கண்டுகொண்ட ஒழுங்குகள் இவை:

கொழுப்பில் பாதியை மட்டும் மாற்றுங்கள். 250 கிராம் பட்டர் சொல்லியிருந்தால் 125 கிராம் பட்டர், 125 கிராம் பழமசியல். பழம் இனிப்பாக இருப்பதால் சீனியிலும் 75 கிராமைத் தாராளமாகக் குறைக்கலாம். இந்த இரண்டு மாற்றத்தால் மட்டும் 200 கலோரித் துண்டு 150க்குக் கீழே வந்துவிடும்.

மாவைச் சேர்த்த பின்னர் அடிக்க வேண்டாம். அகப்பையால் மெதுவாகப் புரட்டி, வெள்ளை மா மறைந்ததும் நிறுத்தி விடுங்கள்.

பேக்கிங் பவுடரை அரைத் தேக்கரண்டி கூட்டிக் கொள்ளுங்கள். சூட்டைச் சற்றுக் குறைத்து, வழமையான நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னரே ஈர்க்கால் குத்திப் பாருங்கள்.

பழம் சேர்த்த கேக் பட்டர் கேக்கைப் போல ஒரு கிழமைக்குத் தாங்காது. நமது வெயிலில் இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கலாம். இரண்டு நாளில் முடிக்கும் அளவுக்குச் செய்யுங்கள்; அல்லது குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

எந்தப் பழம்?

அப்பிள் தேடிக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அல்லாஹ் நமது வாவியின் இரு கரையிலும் தந்திருப்பதே போதும்.

வாழைப்பழம்: கோழிக்கூட்டோ கதலியோ எதுவானாலும், தோல் கறுத்துப் புள்ளி விழுந்து, பிள்ளைகள் வேண்டாம் என்று ஒதுக்கும் பழம்தான் இதற்கு மிகச் சிறந்தது. எறியப் போகும் பழத்தைப் பயன்படுத்துவதால் வீண்விரயமும் தவிர்க்கப்படுகிறது. ஆனால் இதன் மணம் மேலோங்கி நிற்கும். ஏலமும் கறுவாவும் சேர்த்தால் இசைந்து வரும்.

பப்பாசி: மணம் குறைவு, நிறம் அழகு. பச்சையாக மசித்துப் பாலோடு கலந்து வைத்தால் கசப்புத் தட்டும். மசியலை அடுப்பில் சற்றுக் கொதிக்கவிட்டு, நீர் வற்றியதும் ஆறவைத்துச் சேருங்கள்.

மஞ்சள் பூசணி: ஆவியில் அவித்து மசிக்க வேண்டும். இனிப்பும் கலோரியும் மிகக் குறைவு. வாழைப்பழ மணம் பிடிக்காதவர்களுக்கு ஏற்றது. படுவான்கரையிலிருந்து சந்தைக்கு வரும் நன்கு முற்றிய காயாகப் பார்த்து எடுங்கள்.

பேரீத்தம்பழம்: சுடுநீரில் ஊறவைத்து மசித்தால் சீனியின் வேலையையும் செய்யும். ரமழானில் பள்ளிவாசலில் பங்கிட்டுத் தந்த பழம் பல வீடுகளில் அலுமாரியில் காய்ந்து கிடக்கிறது. காத்தான்குடிப் பிரதான வீதியில் வரிசையாக நிற்கும் பேரீச்சை மரங்களைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். வீட்டிலுள்ள பழத்தை மறந்து விடுகிறோம்.

தயிர்: இது பழமல்ல, ஆனாலும் நமது மட்டக்களப்புத் தயிரைச் சொல்லாமல் விட முடியாது. எருமைப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏழு அளவில்தான். பட்டரில் நூற்றுக்கு எண்பது. பழமசியலோடு இரண்டு கரண்டி தயிர் சேர்த்தால் அதன் புளிப்பு கேக்கை மெதுவாக்கும்.

எங்கள் வீட்டுக் கேக்

கோதுமை மா 250 கிராம் (இதில் 100 கிராம் ஆட்டா மாவாக இருந்தால் நல்லது), பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலத்தூள், கறுவாத்தூள். இவற்றை ஒன்றாக அரித்துக் கொள்ளுங்கள்.

கொட்டை நீக்கிய பேரீத்தம்பழம் 150 கிராமை 100 மில்லிலீற்றர் சுடுநீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, அந்த நீரோடு மசியுங்கள். தோலுரித்த கனிந்த வாழைப்பழம் 200 கிராமையும் மசித்துச் சேருங்கள். இரண்டு முட்டை, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், 50 கிராம் சீனி ஆகியவற்றை நன்றாக அடித்துப் பழக்கலவையில் ஊற்றுங்கள். கடைசியில் மாவைப் போட்டு மெதுவாகப் புரட்டுங்கள். விருப்பமானால் ஒரு பிடி முந்திரிகைப் பருப்பு. எண்ணெய் தடவிய எட்டு அங்குலத் தட்டில் ஊற்றி, 170 பாகைச் சூட்டில் 40 முதல் 45 நிமிடம் வேகவிடுங்கள். முற்றாக ஆறிய பின்னரே வெட்ட வேண்டும்.

மின்சாரப் போறணை இல்லாத வீடுகளில் முன்னைய காலத்து முறை இருக்கவே இருக்கிறது. பெரிய சட்டியில் மண் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடி, மூடியின் மேல் தணல் போடுங்கள். 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாட்களில் பல வீடுகள் இந்த முறைக்குத் திரும்பின.

எல்லாப் பண்டத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லி விடுகிறேன். நானக்கத்தானில் பழம் போட்டால் அது நானக்கத்தானாக இருக்காது. அதன் மொறுமொறுப்புக்குக் காரணமே கொழுப்புத்தான். அதை அப்படியே செய்யுங்கள். ஆனால் சிறிதாகச் செய்யுங்கள், குறைவாக உண்ணுங்கள். வட்டிலப்பத்தில் எண்ணெயே இல்லை, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும்தான். அதையும் அளவால் மட்டுமே குறைக்க முடியும்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று, 'பழக் கேக்' என்ற பெயரைக் கேட்டு நீரிழிவு உள்ளவர்கள் ஏமாந்துவிடக் கூடாது. பேரீத்தம்பழத்தில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். வாழைப்பழத்திலும் மாவிலும் மாச்சத்தும் சர்க்கரையும் உண்டு. சுன்னத்தான பழம் சர்க்கரையைக் கூட்டாது என்று சிலர் சொல்லித் திரிவதற்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை. பழம் பரக்கத் நிறைந்தது. ஆனால் அளவு மீறினால் எதுவும் உடம்புக்குத் தீங்கே. இந்தக் கேக்கில் கொழுப்பும் சீனியும் குறைந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே சிறிய துண்டு ஒன்று, அதுவும் வைத்தியரின் ஆலோசனையோடு, அந்த வேளையின் சோற்றையோ பாணையோ குறைத்துக் கொண்டு. சாப்பாட்டுக்கு வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு என்று நபி (ஸல்) காட்டித் தந்த அளவு நலமான கேக்குக்கும் உரியதே.

இரண்டாவது, விருந்தினரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "சீனியே இல்லை, பயப்படாமல் சாப்பிடுங்கள்" என்று சொல்லி, உள்ளே பேரீத்தம்பழமும் ஐம்பது கிராம் சீனியும் இருந்தால் அது ஏமாற்று. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கக் கண்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்ல என்ற கருத்தில் எச்சரித்த சம்பவத்தை நாம் வியாபாரிகளுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கி விடுகிறோம். வீட்டுத் தட்டுக்கும் அது உரியது.

அதேபோல் வற்புறுத்துவதையும் விட்டு விடுங்கள். வருத்தக்காரர் வேண்டாம் என்று சொன்ன பிறகும், "நம்மட வீட்டுக் கேக், ஒரு துண்டாவது எடுக்காட்டி கோபம் வரும்" என்று வாயில் ஊட்டுவது உபசரிப்பல்ல. தீங்கு செய்யவும் கூடாது, தீங்குக்குத் தீங்காகவும் செய்யக் கூடாது என்பது நமது ஷரீஅத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. அன்பின் பெயரால் செய்யும் தீங்குக்கு அதில் விலக்கு இல்லை. உடம்புக்கு நம்மீது ஹக்கு இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இவ்வருட நோன்புப் பெருநாள்

கடைசியாக, உம்மாவின் கதையை முடித்து விடுகிறேன்.

இவ்வருட நோன்புப் பெருநாளுக்கு இரண்டு கிழமைக்கு முன்னர், உம்மாவை வழமையாகப் பார்க்கும் வைத்தியரிடம் கேட்டோம். மருந்தை ஒழுங்காக எடுத்து, பகல் சோற்றைக் குறைத்துக் கொண்டால், தீப்பெட்டி அளவில் ஒரு துண்டு சாப்பிடலாம் என்றார். பெருநாளன்று தட்டில் இரண்டு கேக் வைக்கவில்லை. வருத்தக்காரருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று பிரித்தால், பழைய பிரிவினை புதுப் பெயரில் வந்துவிடும் அல்லவா? எல்லோருக்கும் அந்த ஒரே கேக்தான். தட்டு நடுவில் இருந்தது. உம்மா வந்து அமர்ந்தார். ஒருவரும் தட்டைத் தூக்கவில்லை. உம்மா பிஸ்மி சொல்லி, சிறியதொரு துண்டைத் தானே பார்த்து எடுத்தார். அடுத்த துண்டுக்குக் கை நீளவும் இல்லை. மறுக்கப்படாத இடத்தில் மனிதன் தானாகவே அளவோடு நின்று கொள்கிறான் என்பதை அன்று கண்டேன்.

"எப்படியிருக்கு உம்மா?" என்று ஆவலோடு கேட்டேன்.

மெதுவாக மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "பறவாயில்ல மகன். எண்டாலும் அந்தப் பழைய கேக்கப் போல வராது."

எல்லோரும் சிரித்தோம். உம்மாவும் சிரித்தார். உண்மைதான், பழைய கேக்கைப் போல வராது. ஆனால் அந்தப் பழைய கேக் இருந்த பாயில் உம்மா இருக்கவில்லையே!

அன்புச் சகோதரிகளே, சகோதரர்களே! அடுத்த பெருநாளுக்கு மாவை அரிக்கும்போது, உங்கள் வீட்டில் தட்டைக் கண்டு ஒதுங்கி நிற்கும் ஒரு முகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். பட்டரில் பாதியை எடுத்து வைத்துவிட்டு, கறுத்துப் போன இரண்டு வாழைப்பழத்தை மசித்துப் போடுங்கள். நிய்யத்தையும் சேர்த்துப் போடுங்கள். பெற்றோரின் மனம் குளிர்ந்தால் அந்தக் கேக்குக்கும் கூலி உண்டு.

வல்ல அல்லாஹ் நமது உணவில் பரக்கத்தையும், உடலில் ஆரோக்கியத்தையும், குடும்பங்களில் ஒற்றுமையையும் தந்தருள்வானாக. நோயுற்றோருக்குப் பூரண ஷிபாவை வழங்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.